கேட்டெழுத்து முதல் தண்டப்பேர் வரை

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்து நிலக் கணக்குக்கு வயது ஏறக்குறைய 300. அதைத் தொடங்கியவரும் அந்த வட்டத்துக்காரரே. கொல்லம் ஆண்டு 914இல் (1739) திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நிலங்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பைப் பள்ளிச்சல் மல்லன் சங்கரனிடம் கொடுத்தார். உடையவர் சொல்லக் கேட்டு ஓலையில் பதிந்த கணக்கு கேட்டெழுத்து. நேரில் போய்ப் பார்த்துப் பதிந்தது கண்டெழுத்து. வயலின் பரப்பை விதைப்பாட்டில், அதாவது எத்தனை பறை நெல் விதைக்கலாம் என்ற அளவில் குறித்தார்கள். தோட்டங்களுக்குத் தென்னை, கமுகு, பலா என மரங்களைக் கொண்டே வரி விதித்தார்கள்.

கட்டம் போட்ட பதிவேடு 1886ஆம் ஆண்டின் செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பிரகடனத்தோடு வலுப்பெற்றது. 1911இல் முடிந்த அந்தப் பெரும்பணி ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சர்வே எண் கொடுத்தது. எண்ணுக்கு எதிரே பரப்பு, வகை, வரி, உடையவர் பெயர் என்று எதை எங்கே எழுதுவது என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டதால், பகுதிக் கச்சேரிக்கு (வில்லேஜ் அலுவலகத்துக்கு) புதிதாக வந்தவரும் பழைய கணக்கைத் தொடர முடிந்தது. 1946இல் திருவிதாங்கூர் அடிப்படை வரி முறைக்கு மாறியது. இந்த ஏடும் அடிப்படை வரிப் பதிவேடு ஆனது.

நிலத்துக்கு ஒரு பதிவேடு என்றால், ஆளுக்கு ஒன்று தண்டப்பேர். ஒரு வில்லேஜில் ஒருவருக்குள்ள நிலம் முழுவதும் அவருடைய தண்டப்பேர் எண்ணின் கீழ் வரும். பாறசாலையில் 20 சென்ட் வைத்திருப்பவர் 8 சென்ட்டை விற்றால் பத்திரப் பதிவோடு வேலை முடிவதில்லை. போக்குவரவு, அதாவது பதிவேட்டில் உடைமை மாற்றம், நடக்க வேண்டும். நிலம் உட்பிரிவாகும். விற்றவர் தண்டப்பேரில் 8 சென்ட் குறையும், வாங்கியவர் பக்கத்தில் ஏறும். அவருக்கு எண் இல்லையென்றால் புதிதாக ஒன்று திறக்கப்படும். அதன் பிறகே அவர் தம் பெயரில் கரம் ஒடுக்க, அதாவது நிலவரி கட்ட, முடியும். இதற்கான விதிகளைக் கேரளம் 1966இல் வகுத்தது.

மாநில மறுசீரமைப்பில், 1956 நவம்பர் 1 அன்று, பக்கத்து விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும் நிலம் உள்ள குடும்பங்கள் ஒருபுறம் பட்டாவுக்கும் மறுபுறம் தண்டப்பேருக்கும் அலைய வேண்டியதாயிற்று.

கட்டம் போட்ட பதிவேட்டின் பெரிய குறை வகைக் கட்டத்தில் வெளிப்பட்டது. வயல் என்றால் 'நிலம்', மேட்டுத் தோட்டம் என்றால் 'புரையிடம்'. வயல் எப்போதோ தூர்ந்து, தென்னை வளர்ந்து வீடு எழுந்த பிறகும் பதிவேட்டில் 'நிலம்' என்றே கிடந்தது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்த ஒற்றைச் சொல் வீடு கட்டும் அனுமதியையே தடுத்தது. வயலைக் காக்க அந்தச் சட்டம் அவசியம்தான். ஆனால் காலத்தோடு புதுப்பிக்கப்படாத ஒரு கட்டத்தின் சுமை சிறு உடைமைக்காரர் தலையில் விழுந்தது. இதைத் திருத்த விண்ணப்பப் படிவங்கள் உண்டு: அந்தச் சட்டப்படி தொகுத்த நெல்வயல் தரவு வங்கியில் தவறாகச் சேர்ந்த நிலத்தை நீக்க 5ஆம் படிவம்; அதில் சேராத நிலத்தின் வகையை மாற்ற, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 50 சென்ட் வரை 6ஆம் படிவம்.

தண்டப்பேர்க் கணக்கு இப்போது 'ரெலிஸ்' என்ற கணினி முறையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'என்டெ பூமி' தளம் அதைப் பதிவுத்துறை, சர்வேத்துறைக் கணக்குகளோடு இணைத்தது.