கோடையில் சீனம் படிக்க எங்கே போவது?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1915ஆம் ஆண்டுக் கோடையில் மிடில்பரி கல்லூரி ஒரு ஜெர்மன் பள்ளியைத் தொடங்கியது. நடத்தியவர் லிலியன் ஸ்ட்ரோபே. வகுப்பில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையிலும் ஜெர்மன்தான் பேச வேண்டும், ஆங்கிலம் கூடாது என்பது அவர் வைத்த கண்டிப்பு. முதல் உலகப்போரில் ஜெர்மன் பகைவன் மொழியாகிவிட, 1918இல் பள்ளி மூடப்பட்டது. கண்டிப்பு மட்டும் பிழைத்துக்கொண்டது. 1966இல் அதே கல்லூரியில் சீனப் பள்ளி வந்தபோதும் அதுவே விதி.

சீனத்தின் மேல் அமெரிக்காவுக்குத் திடீர் அக்கறை வந்ததற்கு ஒரு வகையில் ரஷ்யாதான் காரணம். 1957இல் சோவியத் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அந்தப் பதற்றத்தில் மறு ஆண்டே பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, சீனம் உள்ளிட்ட சில மொழிகளைக் கற்க அமெரிக்கா பணம் ஒதுக்கியது. பணம் இருந்தது, போக ஊர் இல்லை. கம்யூனிஸ்ட் சீனாவுடன் உறவே கிடையாது. ஆகவே மாணவர்கள் தைவானுக்குப் போனார்கள். 1963இல் தைபேயில் பல பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய பயிற்சி மையம் உருவானது. ஒரு தலைமுறை அமெரிக்கச் சீன ஆய்வாளர்கள் அங்கே பேசப் பழகியவர்கள்.

1979இல் தூதரக உறவு ஏற்பட்டதும் பெய்ஜிங் திறந்தது. தைபே மையத்தை நடத்திய கூட்டமைப்பே 1997இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது.

கோடைப் பயிற்சியில் பேர் வாங்கியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1993இல் பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். எட்டு வாரம். சீனம் மட்டுமே பேசுவேன் என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். காலையில் வகுப்பு, பிறகு சிறு குழுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி, பிற்பகலில் ஆசிரியருடன் தனியாக உரையாடல். இரவில் எழுத்துகளை எழுதி எழுதி மனப்பாடம். வாரக் கடைசியில் தேர்வு. கல்லூரியின் ஓராண்டுப் பாடத்தை இப்படி முடிக்கிறார்கள்.

ஓராண்டுப் பாடம் என்றால் மலைப்பாக இருக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தாலும் எட்டு வாரத்தில் 160 வகுப்பு மணிதான் தேறும். ஆங்கிலம் பேசும் ஒருவர் சீனத்தில் தேர்ச்சி பெற 2,200 மணி ஆகும் என்பது அமெரிக்கத் தூதர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனத்தின் கணக்கு. மீதியைத் தெருவில்தான் கற்றாக வேண்டும். ஆனால் விடுதி நடையில் இரண்டு அமெரிக்கர்கள் தங்களுக்குள் தப்பும் தவறுமாகச் சீனம் பேசிக்கொள்வதையும் உறுதிமொழி அனுமதிக்கிறது!

2020இல் கொரோனா வந்து சீன எல்லையை மூடியது. அடுத்த ஆண்டு ஹார்வர்டு தன் பெய்ஜிங் கோடைத் திட்டத்தைத் தைபேக்கு மாற்றுவதாக அறிவித்தது. பெய்ஜிங்கில் இடம் கொடுத்த தரப்பில் பழைய நட்பு இல்லை என்று திட்ட இயக்குநர் குறைப்பட்டுக்கொண்டார். 2022 கோடையில் வகுப்புகள் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் நடந்தன. அங்கே கடைப் பலகையில் இருப்பது பழைய முழு வடிவ எழுத்து. பெய்ஜிங்கில் 1956 முதல் கோடு குறைத்து எளிமையாக்கிய எழுத்து.