வேலியோரத்து வேட்டை: சங்கப் பாடல்களில் சிறுவிலங்கும் சமையலும்

சங்ககால உணவைப் பற்றி எழுதுவோர் பலரும் வேட்டையை உழவுக்கு முந்திய வாழ்நிலையின் எச்சமாகக் கொண்டு, குறிஞ்சி, முல்லை, மருதம் என்னும் வரிசையை ஒரு வளர்ச்சிப் படிக்கட்டாகவே படித்துவிடுகின்றனர். பன்றியையும் யானையையும் மட்டும் நோக்கினால் இக்கருத்து ஓரளவு நிற்கும். முயல், உடும்பு, கானக்கோழி முதலிய சிற்றுயிர்களைப் பிடித்துச் சமைத்த செய்திகளை நோக்கினால் நிற்பதில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர் பருக வரும் பன்றிக்காகப் பள்ளத்தில் நள்ளிரவில் ஒளிந்திருக்கும் கானவரைக் காட்டியபின், அவ்வேட்டை வாய்க்காதபோது அவர்கள் பகலில் நாய்களோடு புதர்களை அடித்து, தொடர்வலை கட்டி, முயல்களை வளைத்துப் பிடித்துக் கூடி உண்பதைச் சொல்கிறது. பெருவேட்டை பொய்க்கும் நாளில் அடுப்பை அணையாமல் காத்தது சிறுவேட்டையே என்பதைப் புலவரே வரிசைப்படுத்திக் காட்டிவிடுகிறார்.

இதனினும் வலுவான சான்று புறநானூற்றின் 326ஆம் பாடல். வேலி சூழ்ந்த பழைய ஊர், காட்டுப்பூனையைக் கண்டு வெருளும் பெட்டைக்கோழி, பருத்தி நூற்கும் பெண்ணின் சிறுவிளக்கு ஆகியவற்றுக்கு நடுவே, வேட்டுவச் சிறுவர்கள் தொலைவு செல்லாமல் அருகிலுள்ள மடையிலேயே பிடித்த உடும்பின் கொழுந்தசை, தயிரிட்ட விதவையில், அதாவது கூழில், சேர்க்கப்பட்டுப் பாணரோடு பகிரப்படுகிறது. மடையும் பருத்தியும் உழவைச் சுட்ட, தயிர் ஆநிரையைச் சுட்டுகிறது. காட்டின் பங்கு உடும்பு ஒன்றே, அதையும் பிடித்தவர்கள் சிறுவர்கள். 320ஆம் பாடலிலோ தேடிப்போகவும் வேண்டியதில்லை: மான்தோலில் காயவைத்த தினையைக் கவர வந்த கானக்கோழியும் இதல் என்னும் கவுதாரி வகையும் சந்தன விறகின் நெருப்பில் வெந்து சுற்றத்தார்க்கு உணவாகின்றன.

வேட்டையும் உழவும் ஒரே வாழ்வில் இணைந்திருந்ததையே சமையல் முறையும் உறுதி செய்கிறது. சுடுதல் ஒன்றே வேடர் அறிந்த முறை என்னும் எண்ணம் தவறானது. நாய் பிடித்துவந்த, முட்டை நிறைந்த உடும்பு பெரும்பாணாற்றுப்படையில் வறையாக, அதாவது பொரியலாக, மேட்டுநிலத்தில் விளைந்த நெல்லின் செஞ்சோற்றுக்குத் துணையாகிறது. வாடூன் என்னும் உலர்ந்த இறைச்சியும் தானியத்தோடுதான் இலைக்கு வருகிறது. இறைச்சியைத் தனியுணவாக அன்றிச் சோற்றுக்கும் கூழுக்கும் துணையாகவே கொள்ளும் இவ்வழக்கம் தானியம் தட்டில்லாத வீட்டுக்கே உரியது.

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், அதாவது எயினர் என்னும் வேட்டுவக் குடியின் பெண்கள், கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கும் காட்சியை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். ஆனால் அதே பாட்டு, பின்னர், எயினர் குடியிருப்பில் செந்நெற்சோற்றைப் பாணனுக்கு உறுதியளிக்கிறது. அந்நெல்லை அவர்களே விளைத்தார்களா, பண்டமாற்றில் பெற்றார்களா என்பதில் கருத்து வேறுபடலாம். எயினரை உழவோடு தொடர்பே இல்லாத குடியாக எழுதுவதற்கு மட்டும் இப்பாடல்களில் இடமில்லை.