கரடியை எடைபோட்டவர்கள்

உலகில் இன்று எட்டு வகைக் கரடிகள் வாழ்கின்றன. இவற்றுள் பெரியது எது, ஒன்றோடொன்று மோதினால் வெல்வது எது என்பது பள்ளிச் சிறுவர்கள் தங்களுக்குள் வாதிடும் விஷயம். ஆனால் இதே கேள்வியை மன்னர்களும் மாலுமிகளும் படை அதிகாரிகளும் விலங்கியலாளர்களும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விடைகளால் சில கரடிகள் புகழ் பெற்றன. ஒரு கரடிக்குலம் முற்றாக அழிந்தது. அந்த வரலாற்றைத்தான் நாம் இங்கே பார்க்கவிருக்கிறோம்.

முதலில் விடையைச் சொல்லிவிடலாம். இன்றுள்ளவற்றில் பெரியது துருவக் கரடி. வளர்ந்த ஆண் 350 கிலோவிலிருந்து 600 கிலோவுக்கு மேலும் இருக்கும். 1960இல் அலாஸ்காவின் கோட்ஸெபூ பகுதியில் சுடப்பட்ட ஒன்று 1002 கிலோ இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்தது பழுப்புக் கரடி. கிரிஸ்லி, கோடியாக் என்று நாம் கேள்விப்படுவனவெல்லாம் இந்த ஓர் இனத்தின் பிரிவுகளே. அமெரிக்கக் கருங்கரடியிலும் ஆசியக் கருங்கரடியிலும் ஆண்கள் பெரும்பாலும் 60 முதல் 200 கிலோவுக்குள் அடங்குகின்றன. ஆண்டிஸ் மலைத்தொடரின் கண்ணாடிக் கரடி 175 கிலோ வரையும், நம் காடுகளில் வாழும் கரடி 145 கிலோ வரையும், பாண்டா 125 கிலோ வரையும் எடை கொள்ளும். வரிசையின் கடைசியில் தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி நிற்கிறது. அதன் எடை 25 முதல் 65 கிலோ.

வரிசை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல. பழுப்புக் கரடியையே எடுத்துக்கொள்வோம். அலாஸ்காவை ஒட்டிய கோடியாக் தீவுகளில் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனைத் தின்று வளரும் ஆண் 600 கிலோவைத் தாண்டக்கூடும். அதே இனத்தைச் சேர்ந்த உள்நாட்டுக் கிரிஸ்லி, புல்லும் வேரும் கொட்டைகளும் தின்று 200 கிலோவை ஒட்டி நின்றுவிடுகிறது. மங்கோலியாவின் கோபி பாலையில் கிழங்கைத் தோண்டித் தின்னும் அதன் உறவினன் 100 கிலோவைச் சற்றே கடக்கிறது. போதாக்குறைக்கு, இலையுதிர்காலத்தில் கொழுத்துக் குகைக்குள் புகும் கரடி வசந்தத்தில் வெளிவரும்போது எடையில் கணிசமான பகுதியை இழந்திருக்கும். எந்த மாதத்தில், எந்த ஆற்றங்கரையில் என்று கேட்காமல் கரடியின் எடையைச் சொல்ல இயலாது. பருமனைத் தீர்மானிப்பதில் குலத்தைவிடச் சோற்றுக்குப் பங்கு அதிகம்.

இது நெடுங்காலம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரிய கரடி என்பது பெரிய அரசனுக்கு ஏற்ற பரிசு, அவ்வளவே. 1252இல் நார்வே மன்னனிடமிருந்து இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு வெள்ளைக் கரடி வந்துசேர்ந்தது. லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்ட அதன் உணவுக்கு நாளொன்றுக்கு நான்கு பென்ஸ் கொடுக்குமாறு நகர அதிகாரிகளுக்கு மன்னன் ஆணையிட்டான். பிறகு வாய்க்கட்டும் சங்கிலியும் நீண்ட கயிறும் வாங்கித்தரும் செலவும் அவர்கள் தலையில் விழுந்தது. கயிறு எதற்கென்றால், கரடி தேம்ஸ் நதியில் இறங்கி மீன் பிடிப்பதற்கு. வடக்கின் மிகப் பெரிய நிலவாழ் ஊனுண்ணி லண்டன்வாசிகளுக்குக் கயிற்றின் நுனியில் காட்சி தந்தது. அதன் எடையைக் குறித்துவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தனியோர் இனமாக அதை அறிவியல் பதிவுசெய்தது ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு. 1773இல் வடதுருவத்தை நோக்கிக் கப்பல் செலுத்திய கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ், மறு ஆண்டு வெளியிட்ட பயண நூலில் அதற்குக் கடற்கரடி என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். தாம் அளந்த கரடியின் தலை, தோல், குடல் நீங்கிய உடல் 610 பவுண்டு என்றும் குறித்தார். அரசவைக்குரிய வியப்பு அளவைக்கருவிக்குரிய பொருளாக மாறிய காலம் அது.

ஆனால் எல்லோரிடமும் தராசு இருக்கவில்லை. 1804இல் மிசூரி ஆற்றின் வழியே அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் கிரிஸ்லியைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது செவ்விந்தியர்களிடமிருந்து. ஆறு, எட்டு, பத்துப் பேராகச் சேர்ந்தல்லாமல் அதை நெருங்குவதில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். 1805 ஏப்ரல் 29ஆம் நாள் ஓர் இளங்கரடியைச் சுட்டுவீழ்த்தியதும், வில்லும் அம்பும் ஏந்தியவர்கள் அஞ்சலாம், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது அப்படியொன்றும் ஆபத்தானதல்ல என்ற பொருள்பட லூயிஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். மே 5ஆம் நாள் கிளார்க்கும் இன்னொருவரும் சந்தித்த கரடி, பத்துக் குண்டுகள் வாங்கியபின் பாதி ஆற்றை நீந்திக் கடந்து மணல்திட்டில் ஏறி, இருபது நிமிடங்களேனும் கழித்தே உயிர்விட்டது. அதன் நீளம் 8 அடி ஏழரை அங்குலம். எடைபோட வழியில்லை. கிளார்க் 500 பவுண்டு என்றார். லூயிஸ் 600 என்றார். ஒரே கரடியை ஒரே மாலையில் பார்த்த இருவருக்கிடையே நூறு பவுண்டு வித்தியாசம். மறுநாள் குறிப்பில், இந்த விலங்கைப் பற்றிய தம் குழுவினரின் ஆவல் ஏறத்தாழ அடங்கிவிட்டதாக லூயிஸ் எழுதியிருப்பது சிரிப்பை வரவழைக்கும்.

லூயிஸுக்கு உரிய பெருமையையும் சொல்லவேண்டும். வெண்மை, சாம்பல், செம்பழுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாகத் தென்பட்ட கரடிகள் எத்தனை இனம் என்ற குழப்பம் அவருக்கு இருந்தது. 1806ஆம் ஆண்டு மே மாதத்தில் நெஸ் பெர்ஸ் மக்களிடையே தங்கியிருந்தபோது, தோல்களை அவர்கள்முன் பரப்பி விசாரித்தார். அவர்கள் தயங்காமல் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். நீண்ட நகமும் மூர்க்கமும் உடையவை, எந்த நிறமாயினும், ஹோஹோஸ்ட். குட்டை நகமும் மரமேறும் வழக்கமும் உடையவை யாக்கா. இன்றைய வகைப்பாட்டின்படி முன்னது பழுப்புக் கரடி, பின்னது கருங்கரடி. லூயிஸ் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டார்.

நூறாண்டு கழித்து அறிவியல் இதற்கு நேர்மாறான திசையில் போனது. அமெரிக்க உயிரியல் ஆய்வுத் துறையை நிறுவி நடத்திய ஹார்ட் மெரியம், நூற்றுக்கணக்கான மண்டையோடுகளை அளந்து 1918இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழுப்புக் கரடிகளை 86 வகைகளாகப் பிரித்தார். அலாஸ்காவின் அட்மிரால்டி என்ற ஒரே தீவில் ஐந்து இனங்கள் இருப்பதாகக் கருதினார். மெரியம் சோம்பேறியும் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். வயதாலும் பாலாலும் உணவாலும் நேரும் வேறுபாடுகளை இன வேறுபாடுகளாக அவர் எடுத்துக்கொண்டார். அத்தனையும் இப்போது ஒரே இனத்துக்குள் அடங்கிவிட்டன. அட்மிரால்டித் தீவின் கரடிகளோ, தாய்வழி மரபணுவில் மற்றப் பழுப்புக் கரடிகளைவிடத் துருவக் கரடிக்கு நெருக்கமானவை என்பது பின்னாளில் தெரியவந்தது. 2006இல் கனடாவின் பேங்க்ஸ் தீவில் சுடப்பட்ட கரடி இவ்விரு இனங்களுக்கும் பிறந்த கலப்பு என்று மரபணுச் சோதனை உறுதிசெய்தது. பெரியது எது என்று நாம் எதிரெதிரே நிறுத்தும் இருவரும் பங்காளிகள்.

அளவைக் கடந்து வலிமைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அலாஸ்காவின் வடகரையில் காக்டோவிக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இனுப்பியாட் மக்கள் வேட்டையாடிய திமிங்கிலங்களின் எச்சத்தைத் தின்ன துருவக் கரடிகளும் கிரிஸ்லிகளும் வருகின்றன. அவை நேருக்கு நேர் சந்திக்கும் அபூர்வமான இடம் அது. 2015இல் வெளியான ஆய்வொன்று அங்கே நடப்பதை விவரித்தது. எண்ணிக்கையிலும் உருவிலும் குறைந்த கிரிஸ்லி முன்னேற, துருவக் கரடியே பெரும்பாலும் விலகிப்போனது. காயம்பட்டால் பனிமேல் வேட்டையாட முடியாத விலங்குக்கு, ஒரு வாய் இறைச்சிக்காகச் சண்டையிடுவது கட்டுப்படியாகாத செலவு. உணவு செறிந்த கரையில் இடம் காக்கப் பழகிய கிரிஸ்லிக்கு முரட்டுத்தனம் இலாபம் தருகிறது. உடல் எத்தனை பெரிதாயினும், அதைப் பணயம் வைக்கத் துணிவதும் வலிமைக் கணக்கில் சேரும்.

இதற்கு நம் காட்டுக் கரடியும் சான்று. சங்கப் பாடல்களில் எண்கு என்று வழங்கும் இது கரையான் புற்றைக் கிளறித் தின்பது. நீண்ட நகங்களும், கரையானை உறிஞ்சுவதற்கு வாகாக மேல்வரிசையின் நடுவில் இரண்டு பற்கள் இல்லாத வாயும் உடையது. இந்த நகத்தையும் பல்லையும் பார்த்த ஜார்ஜ் ஷா, 1791இல் இதைக் கரடி என்றே கருதாமல், தென்னமெரிக்காவில் மரக்கிளைகளில் தொங்கும் ஸ்லாத் என்ற சோம்பல் விலங்கின் வகையில் சேர்த்தார். தவறு திருத்தப்பட்டபின்னும் ஆங்கிலப் பெயரில் அந்தச் சோம்பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தியக் கிராமத்தார் எவரும் இதைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். மனிதரைத் தாக்குவதில் உலகின் அஞ்சத்தக்க கரடிகளுள் ஒன்று இது. புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்துவந்த விலங்குக்கு, ஓடி ஒளிவதைவிட எழுந்து நின்று எதிர்ப்பதே பிழைக்கும் வழியாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கோடியாக் கரடியின் கால்பங்கு எடைகூட இல்லாத இதன் முன் புலியே தயங்கி நிற்பதுண்டு.

பருமன் மட்டுமே பிழைக்கவைக்கும் என்றால் அர்ஜென்டினாவின் அர்க்டோதீரியம் இன்றும் இருந்திருக்கவேண்டும். லா பிளாட்டா நகரில் கிடைத்த அதன் முன்னங்கால் எலும்பை அளந்து, சுமார் 1600 கிலோ இருந்திருக்கலாம் என்று 2011இல் மதிப்பிட்டார்கள். நாமறிந்த கரடிகளில் அதுவே மிகப் பெரியது. அந்தத் துணைக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது, ஆண்டிஸ் மலைக்காட்டில் இலைதழைகளைக் கடித்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கரடி மட்டுமே.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த அழிந்த குலத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 10,000 கிரிஸ்லிகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. ஸ்பானியர் காலத்திலும் பின்னர் தங்கவேட்டைக் காலத்திலும் அவற்றைப் பிடித்து, ஒரு காலைக் காளையின் காலோடு பிணைத்து, கூட்டத்தின் நடுவே மோதவிட்டார்கள். வலியது எது என்ற கேள்வியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தீர்த்துவைத்த காலம் அது. வேட்டைக்காரர்களும் பத்திரிகைகளும் ஆயிரம் பவுண்டு, இரண்டாயிரம் பவுண்டு என்று கரடியை ஊதிப் பெருக்கினார்கள். கரடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரியவன் அதைக் கொன்றவன். மந்தை மேய்த்தவர்கள் துப்பாக்கியோடு நஞ்சையும் பயன்படுத்தினார்கள். கலிஃபோர்னியா தன் கொடியில் கிரிஸ்லியை அதிகாரபூர்வமாக ஏற்றியது 1911இல். அங்கே கடைசிக் கிரிஸ்லி கொல்லப்பட்டது 1922இல். 1924க்குப் பிறகு எவர் கண்ணிலும் அது படவில்லை.

அருங்காட்சியகங்களில் எஞ்சிய எலும்பையும் தோலையும் ஆராய்ந்து 2024 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. கலிஃபோர்னியக் கிரிஸ்லிகள் சராசரியாக 200 கிலோ அளவிலேயே இருந்தன என்று அது காட்டியது. அதாவது, இன்றைய உள்நாட்டுக் கிரிஸ்லிகளின் எடை. ஐரோப்பியர் வருமுன் அவற்றின் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாவரம். கால்நடைகள் வந்து நிலம் மாறிய பிறகே இறைச்சியின் பங்கு கூடியது. மந்தைகளைச் சூறையாடப் பிறந்த இராட்சதன் என்று சொல்லி அழிக்கப்பட்ட விலங்கு, வேரும் விதையும் தின்ற நடுத்தரக் கரடி. அந்த மண்ணுக்குக் கிரிஸ்லியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற விவாதம் இப்போது நடந்துவருகிறது. அதில் பேசுவோர் எல்லோரும் இந்த இரண்டு எடைகளில் எதை நம்புகிறார்களோ அதற்கேற்பவே பேசுவார்கள்.

ஆகவே, எந்தக் கரடி பெரியது என்று சிறுவர்கள் கேட்டால் துருவக் கரடி என்று தயங்காமல் சொல்லலாம். எடை சொல்பவர்கள் தராசில் நிறுத்துச் சொல்கிறார்களா, அச்சத்தில் நிறுத்துச் சொல்கிறார்களா என்று விசாரிக்கும் வழக்கத்தையும் கூடவே கற்றுக்கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தக் கேள்வி நூறு ஆண்டுகள் தாமதமாகக் கேட்கப்பட்டது.