தமிழகச் செவிலியர் கல்வியில் பரிவும் கொடுமையும்

தமிழகத்தில் செவிலியர் கல்வி மருத்துவமனையின் ஆள் தேவையிலிருந்து பிறந்தது. 1871-இல் சென்னை பொது மருத்துவமனையில் நான்கு மாணவியருடன் தொடங்கிய ஆறு மாதப் பேறுகாலப் பயிற்சியே அதன் முதல் வடிவம். 1860-இல் லண்டனில் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி பின்னர் வந்த பள்ளிகளுக்கு முன்மாதிரியானது. மேட்ரன், வார்டு சிஸ்டர், சீனியர், ஜூனியர் என்று படிப்படியாக இறங்கிய அந்த ஒழுங்கில், பயிற்சிக்கு வந்தவர் முதலில் வேலைக்காரி, பிறகே மாணவி. நோயாளியிடம் பரிவாக நடப்பது அவருக்குப் பாடம். அவரிடம் பரிவாக நடப்பது மேலே இருந்தவர்களின் மனசைப் பொறுத்த விஷயம்.

1909-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் செவிலியர் பதிவை முறைப்படுத்தியது. 1946 ஒரு திருப்பம். அந்த ஆண்டில்தான் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது; செவிலியர்களின் பணிச்சூழல் பல இடங்களில் இரங்கத்தக்கதாக இருப்பதைச் சுகாதார நிலையை ஆய்ந்த போர் (Bhore) குழு எடுத்துரைத்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. பாடமும் தேர்வும் இவற்றால் மாறின. வார்டின் அதிகார வரிசை மட்டும் அப்படியே நின்றது.

அது எப்படி நின்றது என்பதற்கு மகப்பேறு கேஸ் புக் நல்ல சான்று. முந்தைய பாடத்திட்டப்படி ஒரு மாணவி 20 இயல்பான பிரசவங்களைத் தாமே பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தப் புத்தகத்தில் பதிந்து பொறுப்பாளரின் கையெழுத்தைப் பெற வேண்டும். கையெழுத்து கிடைக்காவிட்டால் தேர்வுக்கு வழியில்லை. அதனால் நோயாளிக்கு எதிரிலேயே திட்டினாலும், தனக்குரியதல்லாத வேலையைச் சுமத்தினாலும் மாணவி வாய் திறப்பதில்லை. பொறுத்துக்கொண்டவரே சீனியரானதும் அதையே அடுத்தவரிடம் செய்வதுண்டு. மருத்துவமனையில் அதிகாரமற்ற குழு தன் கோபத்தைத் தனக்குள்ளேயே திருப்பிக்கொள்கிறது என்று 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஜோ ராபர்ட்ஸ் விளக்கினார். தமிழக வார்டுகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த விளக்கம் கொடுமைக்குச் சமாதானம் ஆகிவிடாது.

மாணவர் மீதான இத்தகைய கொடுமையைத் தடுக்கும் சட்டம் வேறொரு துயரத்தின் வழியே வந்தது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் நிறைவேறியது. இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அச்சம், அவமானம், மன உளைச்சல் தரும் செயல்களும் ராகிங்கில் அடங்கும். புகாரின் மேல் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு, மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் பெறுவதையும் தடுப்புக் குழு அமைப்பதையும் கட்டாயமாக்கியது.

விதி வந்தும் கொடுமை ஒழியவில்லை. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களை மாதக்கணக்கில் வதைத்ததாக ஐந்து சீனியர்கள் கைதானார்கள். காம்பஸ் முனையால் உடலைக் கீறியதும் அந்தப் புகாரில் இருந்தது. பிறர் உடல்வலியைத் தணிக்கக் கற்கவந்தவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு இது.

கோட்டயத்தில் நடந்தது விடுதியில். விடுதிக்குத் திடீர் சோதனை உண்டு, தடுப்புக் குழு உண்டு. கேஸ் புக்கோடு மாணவி நிற்கும் வார்டு மருத்துவமனையின் ஆளுகையில் இருப்பது. கல்லூரிக்கு உள்ளேயும் வெளியேயும் நடப்பதைத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்குவதால் வார்டும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் மாணவி புகார் சொல்லப் போவது கல்லூரிக் குழுவிடம். கையெழுத்துப் போடுபவரோ பெரும்பாலும் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத மருத்துவமனை ஊழியர்.