நியூ போலீஸ் ஸ்டோரி: தோற்றுப்போன காவலரின் கதை

நியூ போலீஸ் ஸ்டோரி 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஹாங்காங் திரைப்படம். பென்னி சான் இயக்கினார். ஜாக்கி சான் இன்ஸ்பெக்டர் சான் குவோக் விங் என்னும் காவல் அதிகாரியாக நடித்தார். 1985-இல் தொடங்கிய ‘போலீஸ் ஸ்டோரி’ வரிசையில் இது ஐந்தாவது படம். ஆனால் முந்தைய படங்களின் கதைத் தொடர்ச்சி இதில் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் நாயகன் வேறு ஆள். தன் பிழையால் சக காவலர்களைப் பறிகொடுத்து, குடியில் விழுந்து, பின்னர் மீண்டெழும் ஒரு காவலரின் கதை இது. வெல்ல முடியாத காவலர் என்ற பிம்பத்தை உருவாக்கிய நடிகரே அதைக் கலைத்த படம் என்பதால் ஹாங்காங் சினிமா வரலாற்றில் இது தனியாகக் கவனிக்கப்படுகிறது.

பின்னணி: ஹாங்காங் காவல்துறையும் சினிமாவும்

ஹாங்காங் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அங்கே காவல்துறை மீது மக்களுக்கு நம்பிக்கை குறைவு. சூதாட்ட விடுதிகள், போதைப்பொருள் வணிகம், நடைபாதைக் கடைகள் என எங்கும் மாமூல் வசூல் நடந்தது. 1973-இல் பீட்டர் காட்பர் என்னும் உயர் காவல் அதிகாரி ஊழல் விசாரணையின்போதே நாட்டைவிட்டுத் தப்பியது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதன் விளைவாக 1974-இல் ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையம் அமைக்கப்பட்டது. காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். ஆணையத்தின் நடவடிக்கைகளால் ஆத்திரமடைந்த காவலர்கள் 1977 அக்டோபரில் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினர். நிலைமையைத் தணிக்க ஆளுநர் மேக்லஹோஸ் பழைய குற்றங்கள் பலவற்றுக்கு மன்னிப்பு வழங்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் ஹாங்காங்கின் ‘புதிய அலை’ இயக்குநர்கள் காவலர் கதைகளைக் கையிலெடுத்தனர். அலெக்ஸ் சியங் இயக்கிய ‘காப்ஸ் அண்ட் ராபர்ஸ்’ (1979), ‘மேன் ஆன் தி பிரிங்க்’ (1981) ஆகிய படங்களில் காவலர்கள் களைத்தவர்கள், குழம்பியவர்கள், எளிதில் உடைந்துபோகக் கூடியவர்கள். சோர்ந்துபோன காவலர் என்னும் பாத்திரம் ஹாங்காங் சினிமாவுக்கு 2004-இல் புதிதாக வந்ததன்று. இடையில் வந்த வெற்றி நாயகர்களால் அது பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

வெல்லும் காவலர்

பின்னுக்குத் தள்ளியதில் முதன்மைப் பங்கு ஜாக்கி சானுடையது. 1985 டிசம்பரில் அவரே இயக்கி நடித்து வெளிவந்த ‘போலீஸ் ஸ்டோரி’ படத்தின் நாயகன் சான் கா குய் மேலதிகாரிகளோடு மோதுவான், காதலியிடம் திட்டு வாங்குவான். இருந்தாலும் இறுதியில் குற்றவாளியைப் பிடித்தே தீருவான். மலைச்சரிவுக் குடிசைகளை நொறுக்கிக்கொண்டு இறங்கும் கார்கள், ஓடும் பேருந்தில் குடையைக் கொக்கியாக்கித் தொங்கும் காட்சி, வணிக வளாகத்தில் பல மாடி உயரக் கம்பத்தில் மின்விளக்குச் சரங்களைக் கிழித்துக்கொண்டு சறுக்கி இறங்கும் காட்சி ஆகியவை உலகப் புகழ் பெற்றன. கம்பத்தில் சறுக்கியபோது அவருடைய கைகள் வெந்தன. முதுகெலும்பும் இடுப்பும் காயமடைந்தன. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதை இப்படம் பெற்றது.

1988, 1992, 1996 ஆகிய ஆண்டுகளில் அடுத்த பாகங்கள் வந்தன. ஸ்டான்லி டோங் இயக்கிய மூன்றாம் பாகத்தில் மிஷேல் யோ சீனக் காவல் அதிகாரியாக நடித்தார். ஒவ்வொரு பாகத்திலும் களம் விரிந்தது, சாகசம் கூடியது. காவலர் தோற்பாரோ என்ற ஐயம் மட்டும் பார்வையாளருக்கு எழவேயில்லை.

2003-இன் ஹாங்காங்

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவின் ஆளுகைக்குத் திரும்பியது. அதே ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி, திருட்டு வட்டுகளின் பெருக்கம், ஹாலிவுட் படங்களின் போட்டி ஆகியவற்றால் திரைத்துறை சரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல் இருந்த படங்களின் எண்ணிக்கை, பத்தாண்டுகளில் மிகவும் குறைந்தது. 2003-இல் சார்ஸ் நோய் பரவி ஹாங்காங்கில் 299 பேர் இறந்தனர். திரையரங்குகள் வெறிச்சோடின. அதே ஆண்டில் லெஸ்லி சியங், அனிதா முய் என்னும் இரு பெரும் நட்சத்திரங்கள் மறைந்தனர். அனிதா முய் ஜாக்கி சானுடன் பல படங்களில் நடித்தவர்.

‘ரஷ் ஹவர்’ (1998) வெற்றிக்குப் பிறகு ஜாக்கி சான் பெரும்பாலும் ஹாலிவுட்டில் நடித்துவந்தார். 2004-இல் வெளியான ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் 80 டேஸ்’ வணிகரீதியாகத் தோல்வியடைந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. அவர் ஊரில் இல்லாத காலத்தில் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002) ஹாங்காங் காவலர் படத்தின் திசையையே மாற்றியிருந்தது. சண்டையைவிடக் குற்றவுணர்வும் அடையாளக் குழப்பமும் அதில் முதன்மை பெற்றன. இந்த நிலையில் சொந்த ஊருக்குத் திரும்பி ஜாக்கி சான் நடித்த காவலர் படமே ‘நியூ போலீஸ் ஸ்டோரி’.

கதைச் சுருக்கம்

பணக்கார வீட்டு இளைஞர்கள் சிலர் வங்கியைக் கொள்ளையடிக்கின்றனர். அவர்களுக்குத் தேவை பணமன்று. காவலர்கள் வரும்வரை காத்திருந்து அவர்களைச் சுட்டு வீழ்த்துவதே அவர்களுடைய விளையாட்டு. அவர்களை விரைவில் பிடித்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சான் தொலைக்காட்சியில் சவால் விடுகிறார். பொறிகள் நிறைந்த கிடங்குக்குள் தன் குழுவை அழைத்துச் செல்கிறார். குழுவினர் ஒவ்வொருவராக அவர் கண் முன்னே கொல்லப்படுகின்றனர். இறந்தவர்களில் அவருடைய காதலியின் தம்பியும் ஒருவன். சான் மட்டும் உயிர் பிழைக்கிறார்.

ஓராண்டு விடுப்பில் சென்று குடித்தே அழிந்துகொண்டிருக்கும் சானிடம், புதிய கூட்டாளி என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் வருகிறான். அவரைத் தூக்கி நிறுத்தி வழக்கை மீண்டும் விசாரிக்க வைக்கிறான். கும்பலின் தலைவன் ஜோ உயர் காவல் அதிகாரி ஒருவரின் மகன் என்பதும், தந்தையின் கொடுமையே காவலர்கள் மீதான வெறுப்பாக மாறியது என்பதும் தெரியவருகின்றன. இறுதியில் ஹாங்காங் மாநாட்டு, கண்காட்சி மையத்தின் கூரையில் ஜோ தோட்டா இல்லாத துப்பாக்கியை உயர்த்திக் காவலர்களின் குண்டுகளுக்கு இரையாகிறான்.

உதவ வந்த இளைஞன் காவலனே அல்ல என்பது கதையின் முக்கியமான திருப்பம். சிறுவயதில் அவனுடைய ஏழைத் தந்தை உணவு திருடி ஓடும்போது வாகனம் மோதி இறந்தார். திருடனின் மகன் என்று ஒதுக்காமல், அந்தச் சிறுவனுக்குத் தன் மேலங்கியைப் போர்த்தி ஆறுதல் சொன்ன இளம் காவலர் சான். அந்த நன்றிதான் அவனைத் திரும்ப அழைத்துவந்தது.

பாத்திரங்களும் நடிப்பும்

இளைஞனாக நிக்கோலஸ் சே, ஜோவாக டேனியல் வூ, சானின் காதலியாக சார்லி யங், இளம் காவலராக சார்லின் சோய் நடித்தனர். நிக்கோலஸ் சே, டேனியல் வூ இருவரும் பென்னி சான் இயக்கிய ‘ஜென்-எக்ஸ் காப்ஸ்’ (1999) படத்தில் ஏற்கெனவே நடித்தவர்கள். டேனியல் வூவுக்குத் தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது.

ஜாக்கி சானின் நடிப்பில் வந்த மாற்றத்தை அவருடைய பழைய படம் ஒன்றோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அவரை நட்சத்திரமாக்கிய படங்களில் ஒன்றான ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978) படத்தில் குடி ஒரு வேடிக்கை. குடிக்கக் குடிக்க நாயகனின் பலம் கூடும். ‘நியூ போலீஸ் ஸ்டோரி’யில் குடித்த நாயகனால் நிற்கக்கூட முடியவில்லை. தெருவில் விழுந்து கிடக்கிறார், வாந்தி எடுக்கிறார், அழுகிறார்.

கட்டடச் சுவரில் இறங்கும் காட்சியும் கட்டுப்பாடிழந்த மாடிப் பேருந்துக் காட்சியும் பழைய ஜாக்கி சானை நினைவூட்டுகின்றன. ஆனால் படத்தைத் தாங்குபவை அவையல்ல. கிடங்குக் காட்சியில் சண்டைத் திறமை யாரையும் காப்பாற்றவில்லை என்பதே கதையின் அச்சு.

வரலாற்று இடம்

இப்படம் காவலரின் தோல்விக்கு வெளியிலிருந்து காரணம் தேடவில்லை. சானின் பிழை ஊழலுமில்லை, கோழைத்தனமுமில்லை. ஒருபோதும் தோற்காதவர் என்ற பெயரை அவரே நம்பியதுதான் பிழை. அந்தப் பெயர் முந்தைய நான்கு படங்கள் கட்டியெழுப்பியது. தொலைக்காட்சியில் சவால் விடும் சான், பழைய சான் கா குய்யின் வாரிசாகவே பேசுகிறார். அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் உடன் சென்றவர்கள்.

மீட்சியும் பழிவாங்கலின் வழியாக வரவில்லை. ஜோவைக் கொல்வது சானின் நோக்கமன்று. கூரையில் அவனை உயிரோடு சரணடையவைக்கவே முயல்கிறார். காவலர் மகனாகப் பிறந்தவன் காவலரை வெறுக்கிறான்; திருடன் மகனாகப் பிறந்தவன் காவலரை நேசிக்கிறான். ஒருவனுக்குச் சீருடை அடியாகவும் வசவாகவும் வந்தது, மற்றவனுக்கு மேலங்கியாக வந்தது. மாமூல் காலத்து ஹாங்காங்கை நினைவில் வைத்திருக்கும் பார்வையாளருக்கு, காவலர் மீதான நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

படத்துக்குக் குறைகளும் உண்டு. அழுகைக் காட்சிகள் நீளமானவை. கும்பலில் ஜோவைத் தவிர மற்றவர்களுக்குத் தனி முகம் இல்லை. போலிக் காவலன் நிலையத்துக்குள் எளிதாக நடமாடுவது நம்பும்படி இல்லை.

இதன் பிறகு ஜாக்கி சான் ‘போலீஸ் ஸ்டோரி 2013’ படத்திலும் களைத்த, மூத்த காவலராகவே தோன்றினார். பென்னி சான் 2020 ஆகஸ்டில் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய மறைவுக்குப் பின் 2021-இல் வெளியான ‘ரேஜிங் ஃபயர்’ ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் காவல்துறையால் கைவிடப்பட்டுக் குற்றவாளியாக மாறிய முன்னாள் காவலராக நடித்தவர் நிக்கோலஸ் சே. 2004-இல் வீழ்ந்த காவலரைக் கைகொடுத்துத் தூக்கிய நடிகர், அதே இயக்குநரின் கடைசிப் படத்தில் தூக்கிவிட யாரும் இல்லாத காவலராக நடித்தார்.