வீடு மாற்றும் லாரியும் ஒரு பிராந்தி பீப்பாயும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ வேலை மாறுகிற எல்லோருக்கும் அந்த ஒரு நாள் வரும். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரம் என்று வருஷக்கணக்கில் சேர்த்ததை எல்லாம், முன்பின் தெரியாத நாலு பேர் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். லாரிக் கதவு மூடின பிறகு உள்ளே என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. அப்போ யாரை நம்புறது? ஸ்டார் ரேட்டிங் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கு. இன்னைக்கு எபிசோட் அந்தக் கதைதான்.

1703, லண்டன். காக்ஸ் என்பவருடைய பிராந்தி பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்கு மாற்றித் தருவதாக பெர்னார்ட் என்பவர் ஒப்புக்கொண்டார். கவனக்குறைவால் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிவிட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கூலி வாங்கியதாகவோ, பெர்னார்ட் தொழில்முறைச் சுமைக்காரர் என்றோ வழக்கில் சொல்லப்படவே இல்லையே என்று அவர் தரப்பு வாதாடியது. பொருளைக் கையில் எடுத்துவிட்டால் கவனக்குறைவுக்குப் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நமக்கு முக்கியமானது தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் அதோடு சேர்த்து விளக்கிய இன்னொரு விதி. கூலிக்கு எல்லோருடைய சரக்கையும் ஏற்றுகிறவர், இயற்கைச் சீற்றம், எதிரி நாட்டுப் படை இந்த இரண்டைத் தவிர மற்ற எல்லா இழப்புக்கும் பொறுப்பு. ஏன் இவ்வளவு கடுமை? அவர் திருடர்களோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்தால், சரக்குக்காரரால் அதை எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைல் முழுக்க அவர் கையில இருக்கு. பக் எங்கேன்னு யூசரை நிரூபிக்கச் சொல்ல முடியாது இல்லையா?

இந்தச் சிந்தனைதான் பிரிட்டிஷ் ஆட்சியில் 1865-ம் ஆண்டு கேரியர்ஸ் சட்டமாக இந்தியாவுக்கு வந்தது. பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ, கேரியரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டம் கேரியருக்கும் ஒரு கதவைத் திறந்துவைத்தது. நகை, கடிகாரம், கண்ணாடி, பீங்கான், பட்டு, ஏன் அபின் வரைக்கும் ஒரு பட்டியல் போட்டது. அதிலுள்ள பொருளின் மதிப்பு 100 ரூபாய்க்கு மேல் இருந்தால், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் தொலைந்ததற்குக் கேரியர் பொறுப்பில்லை. மற்ற பொருள்களுக்கு, உரிமையாளர் கையெழுத்துப் போட்ட தனி ஒப்பந்தம் மூலம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால்தான் நிறைய பேர் ஒளிந்துகொண்டார்கள். லாரி ரசீதில், அதாவது எல்.ஆர்.-ல், 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதைக் காட்டி "சார், நீங்கதான் சைன் பண்ணியிருக்கீங்க" என்பார்கள். 2000-ம் ஆண்டு நாத் பிரதர்ஸ் வழக்கில் சரக்கு தீயில் போனது. அப்படி எழுதியிருந்தாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து கேரியர் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பட்டேல் ரோட்வேஸ் வழக்கில், கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமை கேரியருடையது என்ற விதி நுகர்வோர் வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது.

பிறகு 1865 சட்டத்தை நீக்கிவிட்டு, சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007 வந்தது. நடைமுறைக்கு வந்தது 2011-ல். இதன்படி கேரியர் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்குக்கு ரசீது தர வேண்டும். நிரூபிக்கும் சுமை பழையபடி அவர் பக்கம்தான். ஆனா இங்க ஒரு கணக்கு இருக்கு, கவனிங்க. இழப்பீட்டுக்கான உச்சவரம்பு நீங்கள் கொடுக்கும் வாடகையைப் போல பத்து மடங்கு. 20,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். அதோடு, படிவத்தில் நீங்கள் எழுதிய மதிப்பையும் இழப்பீடு தாண்டாது. "சும்மா பத்தாயிரம்னு போடுங்க சார்" என்று அவர் சொல்லி நீங்கள் தலையாட்டினால், 2 லட்சம் வரம்பு அங்கேயே பத்தாயிரமாகச் சுருங்கிவிடும். இன்னொன்று: வழக்குப் போடுவதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க 180 நாள்தான். அந்த நாள் கணக்கு புக்கிங் தேதியிலிருந்து ஓடுகிறது, டெலிவரி தேதியிலிருந்து இல்லை.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஏற்றிச்செல்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க சட்டம் முயற்சியே பண்ணலை. வெளியிலிருந்து அது முடியாத காரியம்னு 1703-லேயே புரிந்துபோச்சு. அதனால அது பொறுப்பைக் கேட்டது. பொறுப்பு காகிதத்தில் இருக்கு. நாமும் அதையே கேட்கலாம். பதிவு எண் என்ன? ஒவ்வொரு பெட்டியும் பட்டியலில் இருக்கிறதா? உண்மையான மதிப்பு எழுதியிருக்கிறதா? இன்ஷூரன்ஸ் என்று பணம் வாங்கினால், காப்பீட்டு நிறுவனம் உங்கள் பெயரில் தந்த பாலிசி எங்கே? லாரி கிளம்பும் முன் எல்.ஆர். உங்கள் கையில் வந்துவிட்டதா?

இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லி எழுதித் தருகிறவர், மூவாயிரம் ரூபாய் அதிகம் கேட்டாலும் பரவாயில்லை. "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே" என்கிறவரிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. எழுதித் தர மறுக்கிற நம்பிக்கையின் விலை, ஏதாவது உடைந்த பிறகுதான் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.