முக்கால் கட்டணத்தின் வரலாறு

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் எழுதிய குறிப்பொன்று, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறது. மாணவனொருவன் மாதந்தோறும் நாலணா முதல் எட்டணா வரை கொடுத்தான். ஆசிரியருக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று மன்றோவே குறைப்பட்டுக்கொள்கிறார். வறிய பிழைப்புத்தான், ஆயினும் கொடுத்த காசு யார் கைக்குப் போகிறதென்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது இல்லாமற்போனது இந்தத் தெளிவே. பாடம் கைப்பேசியில் நடக்கிறது, கைப்பேசியும் இணையமும் எங்கள் செலவு, பின் எதற்கு முழுக் கட்டணம் என்றனர் பெற்றோர். ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்க வேண்டாமா என்றன தனியார் பள்ளிகள். கட்டணம் கேட்டு வற்புறுத்தலாகாது என்று தமிழக அரசு ஏப்ரல் 20ஆம் நாள் ஆணையிட, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஜூலை 17 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தார்: முந்தைய ஆண்டின் கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை ஆகஸ்டு இறுதிக்குள்ளும், 35 விழுக்காட்டைப் பள்ளி திறந்த இரு மாதங்களுக்குள்ளும் பெறலாம். (திறப்பதோ தள்ளிக்கொண்டே போயிற்று, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரே 2021 ஜனவரியில்தான் பள்ளியைக் கண்டனர்.)

இதே வழக்கு இராஜஸ்தானிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 மே 3ஆம் நாள் தீர்ப்பு, 2020-21க்கான கட்டணத்தில் 15 விழுக்காட்டைக் கழிக்கச் சொன்னது. பூட்டிக் கிடந்த கட்டிடத்தில் மின்சாரம், தண்ணீர் முதலிய செலவு மிச்சமாகியிருக்குமே என்பது வாதம். நியாயமான வாதம், ஆனால் 15 என்பது நீதிமன்றம் தானே மதிப்பிட்ட எண், எந்தப் பள்ளியின் கணக்கேட்டிலிருந்தும் கூட்டிக் கழித்து எடுத்ததன்று. கட்டணம் பாக்கி என்பதற்காகக் குழந்தையை இணைய வகுப்பிலிருந்து விலக்கலாகாது என்று சொன்னதையே அத்தீர்ப்பின் பெரும்பேறாகக் கொள்வேன்.

2021 ஜூலை 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வருவாய் குன்றாதோர் 85, குன்றியோர் 75 விழுக்காடு செலுத்துக என்று பிரித்தது. பள்ளியின் மிச்சத்தை மட்டும் பாராமல் வீட்டின் நிலையையும் பார்த்த ஆணை இது.

ஆசிரியர்? அவர்கள் பெயரைச் சொல்லித்தான் கட்டணம் கேட்கப்பட்டது. அந்த ஈராண்டுகளில் பல தனியார் பள்ளிகளின் ஆசிரியர்கள் பாதி ஊதியத்திற்குப் பாடம் எடுத்தனர். சிலர் ஊதியமே இன்றிக் காய்கறி விற்கப் போயினர். பெற்றோர் கட்ட வேண்டிய விழுக்காட்டை எழுதியபோதே, அதில் ஆசிரியருக்குச் சேர வேண்டிய விழுக்காட்டையும் எழுதியிருக்கலாம்.